ஆறு மாசத்துல பிடிச்சுப்பாங்க

மியூனிக்கில் வேலை கிடைத்துக் கிளம்பும் முன் நாங்கள் விசாரிக்காதது ஏதுமில்லை. வாடகை என்ன, வரி போகக் கையில் எவ்வளவு வரும், இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், குக்கரைப் பெட்டியில் வைத்தால் விமானத்தில் விடுவார்களா என்று முன்னால் போனவர்களைத் துளைத்தெடுத்தோம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல் வகுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்ட ஓரிருவருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: "சின்னப் பிள்ளைங்கதானே, ஆறு மாசத்துல பிடிச்சுப்பாங்க." அதே பதிலை எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நாங்களும் சொன்னோம்.

எங்களுக்கு அந்த மொழி இல்லாமலே பிழைப்பு ஓடியது என்பதுதான் இந்த அலட்சியத்துக்கு வேர். 2012 முதல் ஜெர்மனி கொடுத்துவரும் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வந்தவர்கள் நாங்கள். அலுவலகத்தில் ஆங்கிலம். கூட வரும் மனைவிக்கோ கணவருக்கோ மொழித்தேர்வுகூடக் கிடையாது. பிள்ளைகளுக்கு அப்படியில்லை. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க இங்கே சட்டத்தில் இடமில்லை. சர்வதேசப் பள்ளிக் கட்டணம் எங்களில் பலருக்கு எட்டாது. வீட்டில் ஜெர்மன் இல்லாமல் ஒரு நாளையும் கடத்த முடியாத ஒரே ஆள் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தார். அவருக்குக் கிளம்பும் முன் நாங்கள் வாங்கிக்கொடுத்தது குளிர்கோட்டும் புதுப் பையும்.

கணக்கைப் பற்றிப் பெரிய நம்பிக்கை இருந்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி, கணக்குக்கு பாஷை எதற்கு என்று நினைத்தோம். நோட்டைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஊரில் 3.50 என்று எழுதியதை இங்கே 3,50 என்று எழுத வேண்டும். பெருக்கலுக்கு ஒரு புள்ளி, வகுத்தலுக்கு இரண்டு புள்ளி. 23 என்று சொல்ல முதலில் மூன்றைச் சொல்லிப் பிறகு இருபதைச் சொல்வார்கள். ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதும் பிள்ளை 32 என்று எழுதிக்கொண்டு, அந்த 32-ஐ வைத்துத் துளித் தவறில்லாமல் கூட்டியிருக்கும். விடையைச் சுற்றி இருந்த சிவப்பு மையைப் பார்த்து, "கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று கத்தினோம். கூட்டல் சரி என்பதைக் கவனிக்காதவர்கள் நாங்கள். போகப் போகப் பத்தி பத்தியாக வாசகக் கணக்குகள் வந்தன. அங்கே கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் போனது.

இதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது பிள்ளைகளின் மௌனத்தை நாங்கள் எடுத்துக்கொண்ட விதம். உங்கள் பிள்ளை வகுப்பில் ரொம்ப அமைதி என்று ஆசிரியை சொன்னபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. நம் ஊர்ப் பள்ளியில் அது நல்ல பிள்ளைக்குக் கிடைக்கும் பாராட்டு. இங்கே கை தூக்கிப் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த ஆசிரியை கவலையோடு சொல்லியிருந்தார். புது மொழிக்குள் வரும் பிள்ளை சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் எழுதியிருக்கிறார். இயல்புதான். ஆனால் அந்த மாதங்களில் சாயங்காலம் வீட்டிலாவது யாராவது உட்காரவைத்து, இன்று என்ன புரிந்தது, என்ன புரியவில்லை, மதிய இடைவேளையில் யாரோடு நின்றாய் என்று தமிழில் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் மீட்டிங்கில் இருந்தோம். பல வீடுகளில் தமிழையும் குறைத்துக்கொண்டு, நாளைக்குக் கனடா போனால் உதவும் என்று ஆங்கிலத்தை நுழைத்தோம். மனம்விட்டுப் பேச இருந்த ஒரு மொழியையும் அப்படித்தான் இளைக்க விட்டோம்.

பிறகு ஒரு நாள் பிள்ளை பூங்காவில் சரளமாக ஜெர்மன் பேசி விளையாடியது. அத்தோடு கவலையை விட்டோம். விளையாட்டு மொழி வேறு, பாட மொழி வேறு என்று கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். முதலாவது ஓரிரு ஆண்டில் வந்துவிடும். இரண்டாவதில் மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நாங்கள் கொடுத்த கெடு ஆறு மாதம்.

பள்ளியிலிருந்து வரும் கடிதங்கள் பையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். அதைக்கூடத் தள்ளிப்போட்டோம். நடைப்பயண நாளன்று எல்லாப் பிள்ளைகளும் மலைக் காலணியும் சிறு பையுமாக வந்து நிற்க, எங்கள் பிள்ளை மட்டும் அத்தனை புத்தகத்தையும் சுமந்துகொண்டு போய் நின்றது. பெற்றோர் கூட்டங்களுக்கு, போனாலும் என்ன புரியப்போகிறது என்று போகவில்லை. இத்தனைக்கும் நகராட்சி உதவியோடு நடக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேவில் மாலை நேர மொழி வகுப்பு உண்டு. சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றோம்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்போடு பாதை பிரிகிறது. மே மாதம் தரும் சான்றிதழில் ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புற அறிவியல் மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால் பல்கலைக்கழகப் படிப்புக்கு நேராகக் கொண்டுபோகும் கிம்னாசியம்; 2.66-க்குள் இருந்தால் அதற்கு அடுத்த நிலையான ரியால்ஷூலே, இல்லையென்றால் மிட்டல்ஷூலே. இங்கே 1 தான் உயர்ந்த மதிப்பெண் என்பதே எங்களில் சிலருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதல் வகுப்பிலிருந்தே ஜெர்மன் பள்ளியில் படிக்காத, வேற்றுமொழிப் பிள்ளைக்கு 3.33 வரை கிம்னாசியத் தகுதி தரலாம். குறை மொழியினால் வந்தது, சரிசெய்யக்கூடியது என்று பள்ளி கருதினால் போதும். அப்படி ஒரு விதி இருப்பது தெரியாமலே, ஆசிரியையிடம் ஒரு கேள்வியும் கேட்காமலே, எத்தனை வீடுகளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தோம்!

கையெழுத்துப் போட்டபின் செய்தது அதைவிட மோசம். "பேரன் எந்த ஸ்கூல்ப்பா?" என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டால் பேச்சை மாற்றினோம். பக்கத்திலேயே அவன் இருந்தான். மிட்டல்ஷூலேவிலும் நன்றாகப் படித்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கலாம், அங்கிருந்து ஃபாக்ஓபர்ஷூலே என்ற மேல்நிலைப் பள்ளி வழியாக உயர்கல்விக்கும் போகலாம். இங்கே ஏராளமானோர் படித்து வந்த வழி அது. அதை அவனிடம் உட்கார்ந்து விளக்காமல், வெட்கப்பட வேண்டிய இடம் என்றே அவனுக்குக் காட்டினோம்.

பொங்கலுக்கு மண்டபம் பிடிக்கிறோம், நடனத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம். புதிதாக வந்த குடும்பங்கள் அங்கே வருகின்றன. அதே மண்டபத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பள்ளியில் ஜெர்மன் வகுப்பு எப்படிக் கேட்டு வாங்குவது, ஆசிரியையைச் சந்திக்க எப்படி நேரம் வாங்குவது, 3.33 என்றால் என்ன என்று சொல்லலாம். ஏழாம், எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட எங்கள் பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தால் அவர்களும் பேசட்டும். இந்தப் பொங்கலிலேயே தொடங்கலாம். தெரிந்தும் இத்தனை நாள் வாய் திறக்காத பழைய குடும்பங்கள்தான் முதலில் எழுந்து பேச வேண்டும்.