மதபோதனையும் பெற்றோர் சம்மதமும்

பள்ளிக்கூடத்தில் மதம் கற்பிக்கலாமா, கூடாதா என்று மாணவர் மன்றங்களில் நாம் பட்டிமன்றம் நடத்துவதுண்டு. கைதட்டல் ஓய்ந்ததும் கேள்வியை மேடையிலேயே விட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடுகின்றோம். அந்தக் கேள்விக்கு 1950ஆம் ஆண்டிலேயே நம் அரசியல் சட்டம் விடை கூறிவிட்டது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? இனி நாம் கேட்க வேண்டியது வேறு. அந்த விடை நம் ஊர்ப் பள்ளிகளில் நடைமுறையில் இருக்கின்றதா என்று பார்ப்பவர் யார்? கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகின்றேன்.

அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுவது இது: முழுவதும் அரசுப் பணத்தால் நடைபெறும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளியில் மதபோதனை நடைபெறலாம். ஆனால் மாணவன் இசைந்தாலன்றி, அவன் சிறுவனாயின் பெற்றோரோ காப்பாளரோ இசைந்தாலன்றி, அவனை அதில் கலந்துகொள்ளச் செய்தல் கூடாது. 30ஆம் பிரிவோ, சிறுபான்மையோர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகின்றது. ஒரு பக்கம் பள்ளி நடத்துவோர் உரிமை. மறு பக்கம் படிக்க வருவோர் உரிமை. இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது 'சம்மதம்' என்னும் ஒரே சொல்தான்.

எங்கள் ஊரை அறியாத நண்பர்களுக்காகச் சிறிது சொல்கின்றேன். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற ஏழை மக்கள், அவருள்ளும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், பூமிக்கடியில் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, மக்கள் இருக்கின்றனர். லைன் வீடுகளைச் சுற்றிக் கோயில், மாதா கோயில், மசூதி, புத்த விகாரம் எல்லாம் உண்டு. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றின. அவருக்குப்பின் நின்றுபோன 'தமிழன்' இதழ் 1926இல் தங்கவயலிலிருந்துதான் மீண்டும் வெளிவந்தது. இப்படிப் பல நெறியினர் ஒரே தெருவில் வாழும் ஊரில், பள்ளிப் பிள்ளையின் மனச்சாட்சி சிறிய செய்தியன்று.

எங்கள் மக்களுக்கு எழுத்தறிவு தந்ததில் மிஷன் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மறப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும், நன்றிக்கடனை மனச்சாட்சியால் தீர்க்க வேண்டும் என்று எந்த அறமும் கூறவில்லை.

நான் படித்த பள்ளியின் பெயர் இங்குத் தேவையில்லை. அங்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குச் செல்வர். ஏனையோர் நீதிபோதனை வகுப்பில் அமர்வோம். நீதிபோதனைப் புத்தகத்திலும் வேதாகமக் கதைகளே மிகுதி; அதற்கும் தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பௌத்தக் குடும்பம். பள்ளி ஏட்டில் நான் 'இந்து'. என் அன்னையிடம் சம்மதம் கேட்டார்களா? கேட்டார்கள். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் கேட்டார்கள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அவர், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். கையெழுத்து இருந்தது, சம்மதம் இருந்ததா?

அரசுப் பள்ளியில் படித்த என் தங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை என்பீர்கள். அங்கும் சரசுவதி பூசை உண்டு. பிள்ளைகளிடம் அதற்கென்று காசு வாங்குவதும் உண்டு. கேட்டால், "இது மதமன்று, பண்பாடு" என்று விடை வரும். பெரும்பான்மையோரின் மதத்திற்குப் பண்பாடு என்று பெயர். சிறுபான்மையோரின் மதத்திற்குத்தான் மதம் என்று பெயர் போலும்!

இவை எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. 2022ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு கிறித்தவப் பள்ளி, பிள்ளை வேதாகமம் கொண்டுவருவதை மறுக்கமாட்டோம் என்று சேர்க்கையின்போதே பெற்றோரிடம் உறுதி வாங்கியது குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. அதே ஆண்டில் குஜராத் அரசு, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் கீதையைச் சேர்ப்பதாக அறிவித்தது. கருநாடகத்திலும் அந்தப் பேச்சு எழுந்தது. ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாரின் குற்றத்தை மட்டும் கண்டனர். இரண்டிலும் பெற்றோரின் உண்மையான சம்மதத்திற்கு இடம் எங்கே என்று கேட்டவர் சிலரே.

சட்டத்தில் மேற்பார்வையே இல்லையா? இருக்கின்றது; ஆனால் வேண்டிய இடத்தில் இல்லை. கருநாடக அரசுப் பள்ளிகளில் 2001 முதல் பெற்றோர் அடங்கிய பள்ளி வளர்ச்சிக் குழுக்கள் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், நிருவாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கின்றது. ஆனால் அந்தச் சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (2025இல் இரு நீதிபதிகள் அதில் ஐயம் எழுப்பினர்.) எனவே, மதபோதனை தடுக்கப்பட்ட பள்ளியில் பெற்றோர் குழு இருக்கின்றது, மதபோதனை நடைபெறும் பள்ளியில் அது இல்லை. சம்மதம் என்னும் கதவுக்குக் காவலாளி இல்லை.

அப்படியானால் எல்லாப் பள்ளிக்கும் உள்ளூர்க் குழு அமைத்துவிடலாமே என்று உடனே சொல்லிவிடக் கூடாது. 2022 பிப்ரவரியில் கருநாடக அரசு, அரசுப் புகுமுகக் கல்லூரிகளின் சீருடையை அந்தந்தக் கல்லூரி வளர்ச்சிக் குழு முடிவு செய்யட்டும் என்று ஆணையிட்டது. அக்குழுவின் தலைவர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். முக்காடு அணிந்த மாணவியர் வாயிலில் நிறுத்தப்பட்டதைக் கண்டோம். வாக்கு எண்ணிக்கையால் வென்றவர் கையில் மனச்சாட்சியை ஒப்படைத்தால், உள்ளூர் மேற்பார்வை என்பது உள்ளூர்ப் பெரும்பான்மையின் தடியாகிவிடும்.

இங்கிலாந்தில் ஒரு வழி கண்டிருக்கின்றனர். மத வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையை அங்கு 1870ஆம் ஆண்டுச் சட்டமே பெற்றோருக்குத் தந்தது. ஒவ்வொரு கல்வி வட்டாரத்திலும் மதக் கல்வி ஆலோசனைக் குழு இருந்தே தீரவேண்டும் என்றது 1988ஆம் ஆண்டுச் சட்டம். ஆங்கிலத் திருச்சபை, ஏனைய கிறித்தவரும் பிற மதத்தினரும், ஆசிரியர், உள்ளாட்சி மன்றம் என அதில் நான்கு பிரிவுகள். தலை எத்தனையாயினும் பிரிவுக்கு ஒரே வாக்கு. அங்கு அரசுத் திருச்சபை உண்டு, இங்கு இல்லை. ஆதலால் முழுவதையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. தலையை எண்ணாமல் தரப்பை எண்ணும் அந்த முறை மட்டும் கொள்ளத்தக்கது.

தங்கவயல் போன்ற ஊருக்கு நான் வேண்டுவது இதுதான். மதபோதனைக்கும் நீதிபோதனைக்கும் தனித்தனிப் பாடவேளை இருக்கட்டும். இரண்டின் பாடத்திட்டத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். சம்மதத் தாள் சேர்க்கைப் படிவத்தோடு சேராமல் தனியே, பெற்றோர் படிக்கும் மொழியில், ஆண்டுதோறும் வரட்டும். வகுப்புக்குச் செல்லாத பிள்ளையைத் தாழ்வாரத்தில் நிறுத்தாமல் நூலகத்தில் அமர்த்தட்டும். இவை நடக்கின்றனவா என்று பார்க்க ஊரிலுள்ள ஒவ்வொரு நெறியினருக்கும், எந்த நெறியும் வேண்டாதவருக்கும் ஒவ்வோர் இடம் தந்து பெற்றோர் குழு அமையட்டும். என்ன கற்பிக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அக்குழுவுக்கு வேண்டாம். அரசியல்வாதி தலைமையும் வேண்டாம். சிறுபான்மையோரின் பள்ளி அவர்கள் பள்ளியாகவே இருக்கும். பிள்ளை பெற்றோரின் பிள்ளையாகவே இருக்கும்.

"பிடிக்காவிட்டால் வேறு பள்ளிக்குப் போகலாமே" என்பார் உண்டு. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் ஆறுமுக நாவலர் சைவப் பள்ளி கண்டார், அவரால் முடிந்தது. ஷிப்டு முடிந்து மேலே வந்த சுரங்கத் தொழிலாளியால் முடிந்ததா? வேலை தேடி நாள்தோறும் விடியலில் பெங்களூருக்கு ரயிலேறும் அவன் மகனால் இன்று முடியுமா? வேறு வழியில்லாதவனுக்குத்தான் சட்டத்தின் காவல் முதலில் வேண்டும்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் தம்பி தங்கையரின் சேர்க்கைப் படிவத்தை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். பெற்றோருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் மனமார இசைந்தால் மிகவும் நன்று; இசையாவிட்டால் தலைமையாசிரியருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுத உதவுங்கள். குழு அமையும்வரை அந்தக் காவலை ஏற்க வேண்டியவர் படித்த நாம்தான்.