உச்சந்தலையில் ஒரு கை

தமிழ்நாட்டு ஆண்பிள்ளையின் தலையை அவன் அம்மா கடைசியாக எப்போது தொட்டாள் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தேதி ஞாபகம் இருக்காது. பத்து, பன்னிரண்டு வயசு வரை சனிக்கிழமை காலையில் டவுசரோடு மணையில் உட்கார வைத்து, உச்சந்தலையில் நல்லெண்ணெயைக் கொட்டி, 'ஆடாதே'ன்னு அதட்டி, சளக் சளக்கென்று தட்டுவாள். மீசை அரும்புகிற சமயத்தில் பையன், 'போம்மா, நானே தேச்சுக்கறேன்' என்று சொல்லிவிடுவான். அன்றோடு சரி. அதற்கப்புறம் அந்தத் தலையைத் தொட உரிமை உள்ள ஒரே ஆசாமி, சலூன்காரர்.

கட்டிங் முடிந்து, 'சார், மசாஜ்?' என்று அவர் கேட்கும்போது கவனியுங்கள். ஆபீஸில் எல்லா பில்லையும் மூன்று முறை திருப்பிப் பார்க்கிற அக்கவுன்ட்ஸ் மேனேஜர்கூட ரேட்டே கேட்காமல் கண்ணை மூடிக்கொள்வார்.

என் அனுபவத்தில் சலூன் மசாஜ் மூன்று ரகம். முதலாவது, தனி ஆவர்த்தனம். உங்கள் தலைதான் கடம். இரண்டாவது, பரோட்டா மாஸ்டர். பிசைவார், அடிப்பார், நல்லவேளை வீசமாட்டார். மூன்றாவது, மௌனகுரு. பேச்சு கிடையாது, எண்ணெய் வழிகிற வேகத்தில் விரல் நகரும். இந்த மூன்றாமவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். விஞ்ஞானம் அவர் கட்சி.

நம் தோலில், முக்கியமாக ரோமம் உள்ள இடங்களில், ஒரு ரக மெல்லிய நரம்பிழைகள் உண்டு. 'எங்கே தொட்டார்கள்?' என்று துல்லியமாகச் சொல்வது இவற்றின் வேலை அல்ல. 'இதமாக இருக்கிறது' என்று மூளைக்கு நியூஸ் அனுப்புவதுதான் வேலை. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாகத் தடவினால்தான் இவை உற்சாகமாக வேலை செய்கின்றன என்று 2009-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 'குழந்தையைத் தடவிக் கொடுங்கள்' என்று பெற்றோரிடம் சொன்னால், யாரும் சொல்லித் தராமலே கை இந்த வேகத்துக்கு வந்துவிடுகிறதாம்.

அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு என்ற அம்மணி இந்த விஷயத்திலேயே வாழ்க்கையைச் செலவழித்தார். குறைமாதக் குழந்தைகளுக்குத் தினம் மூன்று தடவை, தடவைக்கு 15 நிமிஷம், பத்து நாள் மசாஜ். மற்றக் குழந்தைகளைவிட எடை 47 சதவீதம் அதிகமாக ஏறியது என்று 1986-ல் எழுதினார். 1992-ல் மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுதலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்.

நமக்கு வேண்டியது 1996 சங்கதி. 26 பேருக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே 15 நிமிஷ மசாஜ், வாரம் இரண்டு தடவை, ஐந்து வாரம். தூங்கி வழிவார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. பதற்றம் குறைந்ததோடு, கணக்கையும் சீக்கிரமாக, தப்பில்லாமல் போட்டார்கள்! (மார்ச் மாதக் கடைசியில் இந்தப் பக்கத்தைக் கிழித்து எம்.டி. மேஜையில் வைக்கலாம். விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல.)

மோயர் என்பவரும் இரண்டு சகாக்களும் 37 ஆய்வுகளைத் திரட்டி 2004-ல் கணக்குப் பார்த்தார்கள். ஒரே ஒரு மசாஜ் அந்த நேரத்துப் பதற்றத்தைக் குறைக்கிறது. தொடர்ந்து செய்துகொண்டால், சுபாவமாகவே ஊறிப்போன கவலையும் சோர்வும் இறங்குகின்றன, கிட்டத்தட்ட மனநல ஆலோசனை தருகிற அளவுக்கு. ஆனால், 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன் சர்ரென்று இறங்கும்' என்று ஸ்பாக்காரர்கள் போர்டு வைத்தால் நம்ப வேண்டாம். அதே மோயர் கோஷ்டி 2011-ல் தேடிப் பார்த்ததில், கார்டிஸால் இறங்கியது ரொம்பச் சொற்பம்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி இனிமேல்தான். 2010-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் தீராத கவலை நோய் உள்ள 68 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு மசாஜ். இரண்டாவது கோஷ்டிக்குக் கை கால்களில் வெதுவெதுப்பான டவல் சுற்றினார்கள். மூன்றாவது கோஷ்டி மெல்லிய சங்கீதம் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தது. 12 வாரத்தில் பத்து தடவை. முடிவு? மூன்று பேருக்கும் கவலை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. 26-வது வாரத்திலும் அந்த நிம்மதி நீடித்தது. எதுவுமே செய்யாத நாலாவது கோஷ்டி ஒன்று இல்லாததால், கேஸில் முழுத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குப் படுவது இது: யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம்தான் பாதி மருந்து. வாரத்தில் அப்படி ஒரு மணி நேரம் உங்களுக்கு இருக்கிறதா?

எனவே ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்பாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சனிக்கிழமை, செல்போனை அலமாரியில் பூட்டிவிட்டு, கொஞ்சம் நல்லெண்ணெய், அரைமணி ஊறல், வெந்நீர், சீயக்காய் போதும். கல்யாணமானவர்கள் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொள்ளலாம். செலவில்லை, சண்டையும் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. மசாஜ் முடிவில் கழுத்தைத் திருகி 'மளுக்'கென்று சொடக்கு எடுப்பார்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். காய்ச்சல் இருந்தாலோ, திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மசாஜுக்குப் போகாதீர்கள். வீங்கிய காலோடு டாக்டரிடம் ஓடுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

இன்னொன்று கொஞ்சம் சீரியஸ். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு, காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பு, மேனேஜர் பெயர் போனில் வந்தாலே வயிற்றைப் பிசைவது... இதையெல்லாம் நாம் 'கொஞ்சம் டென்ஷன்டா' என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறோம். 'பயமா இருக்கு' என்று சொல்லத் தெரிந்த ஆண்கள் ரொம்பக் குறைவு. வாரக்கணக்கில் இது நீடித்தால் எண்ணெய் போதாது. மனநல டாக்டரைப் பாருங்கள். போகத் தயக்கமா? 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ், 14416. இலவசம். தமிழிலேயே பேசலாம், ராத்திரி மூன்று மணிக்கும். மசாஜ் கூட மாட ஒத்தாசைக்குத்தான், டாக்டருக்குப் பதிலாக அல்ல.

மற்றபடி, அடுத்த தடவை சலூனில் மௌனகுரு கையில் அகப்பட்டால் தலையை முழுசாக ஒப்படையுங்கள். டவலை உதறி 'ஆச்சு சார்' என்றதும் துள்ளி எழுந்து ஓடாதீர்கள். இரண்டு நிமிஷம் கண்ணை மூடியபடியே இருங்கள். பெஞ்சில் காத்திருப்பவர் முறைப்பார். முறைக்கட்டும். பாவம், அவருக்கும் ஒரு மசாஜ் தேவைப்படுகிறது.