சில்லறை இல்லை என்று சொல்லிச் சொல்லியே

நன்கொடை கேட்டு வருகிறவரைப் பத்தடி தொலைவிலேயே கண்டுகொள்ளும் சாமர்த்தியம் நமக்கு எப்போதோ வந்துவிட்டது. பாண்டி பஜார் நடைபாதையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்கும் பெண் "சார், ஒரு நிமிஷம்" என்று வாயெடுப்பதற்குள் நம் செல்போன் காதுக்குப் போய்விடுகிறது. மறுமுனையில் யாரும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். உண்டியலைப் பார்த்தால் "சில்லறை இல்லைப்பா" என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோம். அவர்கள் உண்டியல் மேலேயே கியூஆர் கோடு ஒட்டிக்கொண்டார்கள். இப்போது "நெட்வொர்க் இல்லை" என்கிறோம்.

கேட்டால் நம்மிடம் பதில் தயார்: "எல்லாம் ஏமாத்து வேலைங்க." ஏமாற்று இல்லை என்று யார் சொன்னது? யாரோ பெற்ற குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஃபிளெக்ஸ் அடித்துக் காசு பார்ப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படி ஒருவரையாவது நிறுத்தி, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று நாம் கேட்டோமா? உண்மையிலேயே சந்தேகம் இருந்திருந்தால் விசாரித்திருப்போம். நமக்கு வேண்டியிருந்தது நகர்ந்து போக ஒரு சாக்கு. மோசடிக்காரரையும் அன்னதானத்துக்கு வசூலிக்கும் முதியோர் இல்லக்காரரையும் ஒரே கையசைப்பில் அனுப்பிவைத்தோம்.

சரி, கணக்குக் கேட்கும் கறார் ஆசாமிகளா நாம் என்றால் அதுவும் கிடையாது. ஆடி மாதம் கூழ் ஊற்றத் தெருப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் 501 என்று எழுதிவிடுகிறோம். மாநாட்டு நிதி என்று நாலு கரைவேட்டிகள் கடை வாசலில் வந்து நின்றால் கல்லாப்பெட்டி தானாகத் திறந்துகொள்கிறது. போன வருஷக் கணக்கு எங்கே என்று அவர்களைக் கேட்ட கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆதாரம் எங்கே, சர்டிபிகேட் ஒரிஜினலா என்ற கேள்வியெல்லாம், பஸ்ஸில் அச்சடித்த சீட்டை நம் மடியில் வைத்துவிட்டுப் போகிற, பேச வராத பெண்ணைப் பார்த்துத்தான் எழுகிறது. அதையும் அவளிடம் கேட்பதில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

விசாரிப்பதொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வரிச் சலுகைக்கான 80ஜி அனுமதி உண்டா என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு செய்துகொண்ட தொண்டு நிறுவனங்களின் விவரம் மாநிலவாரியாக இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகையே கிடையாது. அதற்கு மேல் ரொக்கமாகத்தான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் அங்கேயே சுதாரித்துக்கொள்ளலாம். இதெல்லாம் தெரிந்த ஆடிட்டர்களும் வங்கிக்காரர்களும் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒரு நாள் கேட்டதில்லை.

பாண்டி பஜாரில் டேப்லெட்டோடு நிற்கும் அந்தப் பெண் விஷயத்துக்கு வருவோம். அவளைப் போன்றவர்களில் பலர் தாங்கள் நன்கொடை கேட்கும் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்களே இல்லை. ஏஜென்சி அமர்த்திய பிள்ளைகள். இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்ற டார்கெட் தலைக்கு மேல் தொங்கும். ஒரு தடவை ஐம்பது ரூபாய் வாங்கி அவர்கள் கணக்கு நேராகாது. மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ள நம் ஒப்புதல் வேண்டும். நமக்கு அது சரிப்படாது என்றால், "மாசாமாசம் முடியாதும்மா, பேரைச் சொல்லு, ஆபீசுக்கே அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாம் தப்பான போன் நம்பரைக் கொடுத்துவிட்டு நழுவுகிறோம். அது அவள் டார்கெட்டில் சேராது. வெயிலில் நின்று நமக்கு விளக்கிய பத்து நிமிஷம் போனது போனதுதான்.

சிக்னலில் ஸ்பீக்கர் கட்டி, குழந்தையின் ஆபரேஷனுக்கு என்று வசூலிக்கிறார்களே, அங்கேதான் நம் அலட்சியம் உச்சத்துக்குப் போகிறது. "காப்பீட்டு அட்டை வாங்கிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் அது செல்லும். அட்டைக்குக் கலெக்டர் ஆபீசில் மையம் இருக்கிறது. பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கும், கோடிகளில் மருந்து தேவைப்படும் சில அரிய நோய்களுக்கும் அது போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வழியே தெரியாமல் உண்டியல் ஏந்துகிறவருக்கு நம் பத்து ரூபாயைவிட அந்தத் தகவல் பெரிது. பொய்யானவரோ அந்தக் கேள்விக்கு நிற்கமாட்டார்.

நாம் கஞ்சர்களும் இல்லை. 2015 வெள்ளத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குப் பாயும் பாலும் சுமந்துகொண்டு போனவர்கள் நாமே. வேண்டுதல் என்றால் மஞ்சள் துணி கட்டி நாலு வீட்டில் மடிப்பிச்சை எடுத்துத் திருப்பதிக்குப் போகிறவர்களும் நாமே. கேட்பதும் இழிவான காரியம் இல்லை. அரிஜன நிதிக்காக ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டார் காந்தி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊராரிடம் பணம் திரட்டியதால்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. இன்றைக்கு அவர் பாண்டி பஜாரில் நின்று கேட்டிருந்தால் நம் செல்போன் காதுக்குப் போயிருக்கும்.

ஐயா, அம்மா, கொடுக்காமல் போவது உங்கள் உரிமை. முகத்தைப் பார்த்து "இல்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கொடுப்பதானால் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள், ரசீதைக் கையில் வாங்குங்கள். போலி என்று தெரிந்தால் நமக்கேன் வம்பு என்று நடையைக் கட்டாமல் 100-க்குப் போன் போடுங்கள்.