அட்டையிலிருந்து இறங்கிய பூதம்

என் அக்காள் பெண் காலேஜ் லீவுக்கு வந்திருக்கிறாள். வந்த அன்று மாலை, மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் அம்மாளைப் பற்றி நான் சொல்லிக் கொண்டிருந்தேன். "ஒரு மாதமாகிறது. எதிரே பார்த்தால் ஒரு சிரிப்பு உண்டா, ஒரு வார்த்தை உண்டா? மகா கர்வி!" என்றேன்.

அவள் என் பேச்சைக் காதில் போட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கில நாவலை மேஜைமேல் வைத்து, "சித்தி! இந்தப் பூதத்துக்கு ஒரு ராஜ்யம் கொடுக்கப் போகிறேன்" என்றாள்.

அட்டையைப் பார்த்தேன். கடலிலிருந்து ஒரு பச்சைப் பிராணி கரையேறுகிறது. குழம்புக் கரண்டி அளவுக்கு இரண்டு கண்கள். நீண்ட இரு கைகளுக்கு நடுவே ஒரு பெண் வாயைத் திறந்து அலறுகிறாள். வானத்தில் இரண்டு சந்திரன்கள் வேறு!

இப்படிப்பட்ட அட்டைகள் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1935-ல் இங்கிலாந்தில் ஆலன் லேன் என்பவர் பெங்குவின் புத்தகங்களை ஆறு பென்ஸ் விலைக்குக் கொண்டு வந்தார். அவற்றின் அட்டையில் கதைப் படமே கிடையாது. வர்ணப் பட்டையும் எழுத்தும்தான். அமெரிக்காவில் 1939-ல் 'பாக்கெட் புக்ஸ்' 25 செண்டுக்கு வந்தபோது சமாசாரம் மாறிவிட்டது. அங்கே புத்தகங்கள் மருந்துக் கடையிலும் ரயில் நிலையத்திலும் விற்பனைக்கு நின்றன. பற்பசை வாங்க வந்தவரின் கண்ணைப் பிடித்து இழுத்தாக வேண்டுமே! 1952-ல் தொடங்கிய 'ஏஸ்' கம்பெனியார் 35 செண்டுக்கு இரட்டை நாவல் போட்டார்கள். ஒன்றைப் படித்து முடித்துத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொன்று. ஆகையால் அட்டையும் இரண்டு, பூதமும் இரண்டு!

எல்லாரும் பூதம்தான் போட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ரிச்சர்ட் பவர்ஸ் என்ற ஓவியர், 1953-ல் ஆர்தர் கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' போன்ற நாவல்களுக்கு, கனவில் வருவது போன்ற விசித்திர உருவங்களை எழுதினார். ஆனால் என் அக்காள் பெண்ணுக்குக் கிடைத்தது அசல் பூதம்.

"ராஜ்யம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டரில், சித்தி" என்றாள்.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து 'சிம்டெக்ஸ்' கம்பெனியார் 1993-ல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்று ஓர் ஆட்டம் செய்தார்கள். நட்சத்திரம் நட்சத்திரமாகத் தேடிப் போய்க் குடியேற வேண்டும். ஆராய்ச்சி செய்ய வேண்டும், அண்டை ராஜ்யங்களோடு சண்டையோ சமாதானமோ செய்து கொள்ள வேண்டும். 1996-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. அதில் 13 ஜாதிப் பிராணிகள் தயாராக இருக்கின்றன. அவை பிடிக்காவிட்டால், நாமே ஓர் இனத்தைப் படைத்துக் கொள்ளலாம். முகம் மட்டும் அந்தப் பதின்மூன்றில் ஒன்றை இரவல் வாங்கியாக வேண்டும்.

படைப்புக்குக் கையிருப்பு 10 புள்ளி. ஒவ்வொரு சாமர்த்தியத்துக்கும் ஒரு விலை. கையிருப்பு போதாவிட்டால் சில குறைகளை ஏற்றுக் கொண்டு, மேலும் 10 புள்ளி வரை சம்பாதிக்கலாம்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தேதி சம்பளத்தைக் கையில் வைத்துக் கொண்டு நாம் போடும் கணக்குதானே இது! பட்டுப் புடவை வேண்டுமென்றால் பால் கணக்கில் கை வைக்க வேண்டும். பிரம்மாவுக்கும் பட்ஜெட் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

அட்டையைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு அவள் கணக்குப் போட்டாள். கடலில் வாழும் குணத்துக்கு 5 புள்ளி. தடித்த உடம்பு, ஆகவே ஈர்ப்பு அதிகமான உலகத்தில் வளர்ந்தது என்று 6. அந்தக் கைகளைப் பார்த்து, தரைச் சண்டையில் வல்லமைக்கு 4. கப்பல் சண்டையில் குறி தவறாமைக்கு 4. ஆக 19. பற்றாக்குறை 9. அதற்கென்ன? பார்த்தவர்கள் அலறும் அருவருப்பான தோற்றம் என்று எழுதினால் 6 திரும்பி வருகிறது. ஆராய்ச்சியில் மந்தம் என்றால் இன்னும் 3. கணக்குச் சரி!

மறுநாள் மாலைக்குள் பூதம் தோற்றுப் போயிற்று. அருவருப்பான இனத்தோடு யாரும் வியாபாரம் செய்வதில்லை. நட்பு ஒப்பந்தமும் கிடையாது. ஆராய்ச்சியிலும் மந்தமாயிற்றே! எதிரிகள் புதுப்புது ஆயுதம் கண்டுபிடித்துக் கொண்டு வரும்போது, வெறும் கை வலிமையை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

"அட்டைக்காரன் காட்டியதை அப்படியே நம்பிவிட்டேன், சித்தி. கண் ஏன் இவ்வளவு பெரிசு என்று நான் கேட்கவே இல்லையே!" என்றாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தோம். கண் பெரிதாக இருப்பது பயமுறுத்தவா? ஆழ்கடலில் வெளிச்சம் ஏது? இருட்டில் பார்த்துப் பழகிய கண்ணாக இருக்கலாம். வெகு தூரம் தெரியும். சரி, வானமண்டலம் முழுவதும் பார்வைக்கு எட்டும் குணம், 3 புள்ளி. வாய் எங்கே? உற்றுப் பார்த்தால் ஒரு சின்னக் கோடு. தண்ணீருக்கடியில் வாயால் எப்படிப் பேசும்? மனசோடு மனசு பேசும் சக்தி, 6. கடல்வாழ்வு முன்போலவே 5. விசாலமான தாயகத்துக்கு 1. மொத்தம் 15. கையிருப்புக்கு மேல் 5 ஆகிவிட்டதே!

"தண்ணீரில் மிதந்தே வளர்ந்த உடம்பு" என்றாள் அவள் மெதுவாக. "கரைக்கு வந்தால் தன் கனத்தைத் தானே தாங்க முடியாது." லேசான ஈர்ப்பில் பழகிய உடல் என்ற குறையைத் தேடி எடுத்தாள். அதற்கு 5 புள்ளி வரவு. கணக்கு மறுபடியும் சரியாகப் பத்து.

அப்போதுதான் இருவரும் ஒரே சமயத்தில் அட்டையைத் திரும்பிப் பார்த்தோம்.

கரையில் தன் உடம்பையே தாங்க முடியாத பிராணி ஒரு பெண்ணை எப்படித் தூக்கும்? அவளுடைய வலது கை அதன் இடுப்பைச் சுற்றியிருக்கிறது. கால்கள் மணலில் அழுந்த ஊன்றியிருக்கின்றன. அவள்தான் அதைத் தாங்கிக் கொண்டிருக்கிறாள்! திறந்த வாய், "யாராவது ஓடி வாருங்களேன்!" என்று கூப்பிடுகிற வாய்.

படம் எழுதியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். புத்தகம் விற்க ஒரு பூதமும், பூதத்திடம் அகப்பட ஒரு பெண்ணும் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். இருந்தாலும், அன்றைக்கு அப்புறம் அந்தப் பெண் எங்கள் கண்ணுக்கு அலறுகிறவளாகத் தெரியவில்லை.

டிரிலேரியன் என்ற நீர்வாழ் இனத்தின் முகத்தை இரவல் வாங்கிக் கொண்டு, பூதம் இப்போது புது ராஜ்யம் நடத்துகிறது. ஜயிக்குமா என்று தெரியாது, ஆட்டம் முடியவில்லை. ஆனால் அண்டை ராஜ்யங்களில் இரண்டு அதோடு வியாபார ஒப்பந்தம் செய்து கொண்டிருக்கின்றன. முதல் ஆட்டத்தில் இதே அண்டை வீட்டார்தான் அதை அடித்து நொறுக்கினார்கள்!

நேற்று இரவு படுக்கப் போகும்போது அக்காள் பெண் கேட்டாள்: "ஏன் சித்தி, மாடி வீட்டு மாமிக்கு நீங்கள் எத்தனை புள்ளி கொடுத்திருக்கிறீர்கள்?"

காதில் போட்டுக் கொள்ளவில்லை என்று நினைத்தேனே! எனக்குப் பதில் வரவில்லை. கர்வி என்று முகத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். அந்த அம்மாளுக்கு நம் பாஷை தெரியுமா, காது கேட்குமா, புது இடத்தில் கூச்சமா, மனசில் ஏதாவது கஷ்டமா என்று ஒரு வரிகூட நான் கேட்டதில்லை.

இன்று சாயங்காலம் மாடிக்குப் போய் ஒரு கரண்டி உறை மோர் கேட்கப் போகிறேன். வீட்டில் மோர் இருக்கத்தான் இருக்கிறது. அதை யாரும் அந்த அம்மாளிடம் சொல்லிவிடாதீர்கள்!