பழம் பயமான கதை

"அம்மா, பயம் தா" என்று மூன்று வயதுக் குழந்தையொன்று கேட்கின்றது. வந்திருக்கும் விருந்தினர் திகைக்கின்றனர். தாயோ சிறிதும் தயங்காது வாழைப்பழமொன்றை உரித்துக் கையிலே கொடுக்கின்றாள். குதிரையைக் 'குதியை' என்றும் கதிரையைத் 'ததியை' என்றும் சொல்லும் இந்தச் சின்னஞ்சிறு வாய்க்கு, முற்றத்திலே கத்தும் காக்கா 'தாத்தா' ஆகிவிடுகின்றது. திண்ணையிலிருக்கும் கிழவர் தம்மைத்தான் அழைக்கிறதென்று எண்ணி எழுந்து வருவதுமுண்டு.

இம்மாற்றங்களெல்லாம் கண்டபடி நிகழ்வன போலத் தோன்றும். ஊன்றிக் கேட்பார்க்கு அவற்றிலே ஓர் ஒழுங்கு புலப்படும். பகரமும் மகரமும் இரண்டு இதழும் பொருந்தப் பிறப்பன என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலிற் படித்திருக்கின்றோம். பால் குடித்துப் பழகிய இதழுக்கு அது எளிய தொழில். உலகத்து மொழிகள் பலவற்றிலே தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்களில் இவ்வொலிகள் மிகுந்து வருவதன் காரணத்தை உருசிய மொழியியலறிஞர் றோமன் யாக்கொப்சன் இந்த வழியிலேயே ஆராய்ந்தார். குழந்தை மொழி பற்றிய அவருடைய பெருநூல் 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது. ககரத்துக்கு அடிநா எழவேண்டும். குழந்தை அதைவிட எளிதான நுனிநாவைப் பயன்படுத்தித் தகரத்தைத் தருகின்றது. ழகரத்துக்கோ நுனிநா மேல் வளைந்து அண்ணத்தை வருடவேண்டும். ஐந்து, ஆறு வயது வரையும் அது வாராதிருத்தல் வியப்பன்று.

குழந்தையை நகைக்குமுன் எம்மையும் சிறிது பார்த்துக்கொள்ளுதல் நன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'வாளைப்பளம்' என்னாதார் எத்தனைபேர்? பந்தல் 'பந்தர்' ஆனதற்கும் சாம்பல் 'சாம்பர்' ஆனதற்கும் போலி என்று பெயர்சூட்டி இலக்கணத்தில் இடங்கொடுத்திருக்கின்றோம். குழந்தைக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை!

இனி, குழந்தை தவறாகச் சொல்வதனாலே தவறாகக் கேட்கின்றது என்று எண்ணிவிடலாகாது. ஜீன் பேர்க்கோ, றோஜர் பிறவுண் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் 1960ஆம் ஆண்டில் எழுதிய செய்தி ஒன்று சுவையானது. தன் விளையாட்டு மீனை ஒரு குழந்தை 'பிஸ்' என்றது. பெரியவரும் "இது உன் பிஸ்ஸா?" என்று கேட்டார். "இல்லை, என் பிஸ்" என்று குழந்தை மறுத்தது. அவர் எத்தனை முறை அவ்வாறு கேட்டும் அது ஒப்பவில்லை. ஈற்றில் 'பிஷ்' என்று சரியாகக் கேட்டபோதுதான், "ஆம், என் பிஸ்" என்று ஏற்றுக்கொண்டது. செவி அறிந்ததை நா இன்னும் எட்டவில்லை, அவ்வளவே.

ஆதலின் "பயம் வேணுமோ?" என்று நாமும் கொஞ்சிக்கொண்டிருத்தல் குழந்தைக்கு உதவி செய்வதாகாது. விருந்தினர் முன்னே நிறுத்தி, "எங்கே, பழம் என்று சொல்லு" என்று பத்துமுறை வருத்துவது அதனினும் தீது. "பழமா? இந்தா பழம்" என்று விடை கொடுத்தாற் போதும். வசம்பை நாவிலே தேய்ப்பதால் ழகரம் வந்துவிடாது.

ஆயினும் எல்லாவற்றையும் மழலையென்று கணக்கெழுதிவிடுதல் கூடாது. நான்கு வயதை எட்டிய பிள்ளையின் பேச்சு அயலாருக்குப் பெரும்பாலும் விளங்கவேண்டும். எமது அயலிலே ஒரு சிறுமி. நான்கு வயதாகியும் அவள் பேச்சு தாயையன்றி வேறெவர்க்கும் விளங்கியதில்லை. பின்னாலே நின்று அழைத்தால் திரும்பமாட்டாள். "பிடிவாதக்காரி" என்றனர் வீட்டார். பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர் வற்புறுத்தியதனாலே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். பழுது நாவிலன்று, செவியில். அடிக்கடி வந்த சளியினால் நடுச்செவியிலே நீர் தேங்கியிருந்தது. அந்நோய் மாற்றக்கூடியது, ஆனால் நாட்செல்லச் செல்லப் பேச்சும் படிப்பும் பின்தங்கிவிடும். பெரிய அரசினர் வைத்தியசாலைகளிலே செவிப்புலனைச் சோதிப்பாரும் பேச்சுச் சிகிச்சையாளரும் உளர். ஐயம் தோன்றினால், "ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்பது போன்ற சமாதானங்களை நம்பிக் காத்திராது அவர்களிடம் காட்டுதலே தக்கது.

அந்தச் சிறுமி சிகிச்சை பெற்று இரண்டு ஆண்டுகளாகின்றன. இப்பொழுது தம்பியின் மழலையைத் திருத்தும் பொறுப்பு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டிருக்கின்றாள். "ததியை இல்லையடா, கதியை!" என்று அவள் அதட்டுவது வேலிக்கு இப்பாலும் கேட்கின்றது.