பல்லாவரத்துக் கல்லும் ஏற்காட்டுச் சமாதியும்

அமெரிக்காவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சிற்றூர். 1974-ஆம் வருஷத்தில் அங்கே வீடு கட்டுவதற்காக மேட்டைச் சமன் செய்தபோது, மாமூத் என்னும் பூர்வகால யானையின் தந்தம் வெளிப்பட்டது. வீட்டு யோசனையைக் கைவிட்டு, எலும்புகள் கிடந்த இடத்தின் மேலேயே கூரை எழுப்பிப் பொருட்காட்சிசாலை அமைத்துவிட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட யானைகள் அங்கே அகப்பட்டிருக்கின்றன. 2024-ல் அந்தக் கண்டுபிடிப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைந்தது.

"செத்த யானைக்கு ஆண்டு விழாவா?" என்று நம்மவர் நகைக்கலாம். ஆனால், இறந்த யானைக்கும் ஆயிரம் பொன் என்று பழமொழி சொன்னவர்கள் நாம்தானே! நமக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. அது மே மாதம் 30-ஆம் தேதி.

1863-ல் அன்றைய தினம், பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர், பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடாரி அது. அதே வருஷம் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன.

எத்தனையோ பேர் மிதித்துச் சென்ற கல் இவர் கண்ணுக்கு மட்டும் புலப்பட்டது எப்படி? அதற்கும் பழைய யானைகளே காரணம் எனலாம். பிரான்சு தேசத்தில் ஸோம் நதிக்கரையில், அழிந்துபோன யானைகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கலந்து கிடந்ததை 1859-ல் ஆங்கில அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களைத் தூண்டியவர்களில் ஒருவர் ஃபால்கனர்; நம் சிவாலிக் மலைகளில் யானைப் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். யானை காலத்து மனிதன் அங்கே இருந்தானென்றால் இங்கே ஏன் இருந்திருக்கக் கூடாது? இந்தக் கேள்விக்குப் பல்லாவரம் விடை கூறியது.

அந்த விடை எவ்வளவு பெரிது என்பது 2011-லேதான் தெளிவாயிற்று. சாந்தி பப்பு அம்மையாரும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயது என்று நிர்ணயித்தார்கள். தமிழ் என்ற சொல் பிறப்பதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே இந்த மண்ணில் தொழில் தெரிந்த கைகள் இருந்திருக்கின்றன!

ஃபூட் சேர்த்து வைத்த பொருள்கள் 1904-ல் சென்னைப் பொருட்காட்சிசாலையை அடைந்தன. 1912-ல் கல்கத்தாவில் காலமான அவருடைய அஸ்தி, அவர் வாழ்ந்த ஏற்காட்டில், திரித்துவ ஆலயத் தோட்டத்தில் அடங்கியிருக்கிறது. கோடை வாசத்துக்குச் செல்லும் குடும்பங்கள் ஏரியில் படகு விட்டுத் திரும்புகின்றன. அந்தச் சமாதியை நாடுவோர் மிகச் சிலரே.

மலை ஜனங்களோ அவ்வளவு அசிரத்தையாக இருக்கவில்லை. சேர்வராயன் மலையில் அகப்பட்ட, பிற்காலத்து வழவழப்பான கற்கோடாரிகளைப் பிள்ளையாராக வைத்து வணங்கினார்கள். பெயர் தெரியாவிட்டாலும் மரியாதை தெரிந்திருந்தது.

இனி வேண்டுவது மரியாதையோடு விவரமும். கல் கிடந்த இடமே அதன் ஜாதகம். இடம் மாறினால் ஜாதகம் தொலைந்தது. நாளை மாரமங்கலத்தில் ஏர் முனையில் ஒரு வழவழப்பான கல் தட்டுப்பட்டால், அதை அங்கேயே விட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லியனுப்ப வேண்டுமென்பது உழுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்லாவரம் இன்று வீடுகள் நெருங்கிய நகரம். அங்கே மண்ணுக்குள் இருந்தவற்றை இனித் தேடுவது கடினம். மலையிலே இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

வருகிற மே 30 பள்ளி விடுமுறையில்தான் வருகிறது. குழந்தைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்று அந்தக் கற்களைக் காட்டுங்கள். விழாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?