பதநீரை ‘டாடி’ ஆக்காதீர்கள்

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். வழக்கமாகப் படிக்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை, முழுதும் படித்துவிட்டு நினையுங்கள்.

விஷயம் இதுதான். பனைமரத்தைச் சுற்றித் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால், படித்தவர்கள் எல்லாவற்றையும் இரண்டு மூன்று சொற்களுக்குள் திணித்துவிடுகிறார்கள். கள்ளா? ‘டாடி’. நாகரிகமாகச் சொன்னால் ‘பாம் ஒயின்’. பதநீரா? ‘ஸ்வீட் டாடி’. நுங்கா? ‘ஐஸ் ஆப்பிள்’. அதில் ஐஸும் இல்லை, ஆப்பிளும் இல்லை. இதை மொழிபெயர்ப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோம்பேறித்தனம் என்பேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை கொடுப்பவர்கள் மரம் ஏறுகிறவர்களும், அவர்கள் இறக்குவதை விற்றுப் பிழைக்கிறவர்களும்.

நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் பேரப்பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பனம்பாளையைக் காலையிலும் மாலையிலும் சீவிவிட்டால் சாறு சொட்டும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளிக்காது. அது பதநீர். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துவிடும். அது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒன்று. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. ஒன்றைக் குழந்தைக்கும் கொடுக்கலாம், காய்ச்சினால் வெல்லம். மற்றது போதை தரும். இந்தச் சுண்ணாம்பைத் தமிழ் பார்த்திருக்கிறது. அதனால்தான் இரண்டு பெயர். தெற்கே போனால் பதனி என்பார்கள், கன்னியாகுமரிப் பக்கம் அக்கானி என்பார்கள். எங்கே போனாலும் அது கள்ளிலிருந்து வேறு. ‘டாடி’ என்ற சொல்லுக்குத்தான் இந்தச் சுண்ணாம்பு கண்ணில் படுவதில்லை.

அந்தச் சொல்லின் கதையும் வேடிக்கைதான். வடக்கே பனைக்குத் தாட், அதன் கள்ளுக்குத் தாடி. வெள்ளைக்காரன் வாயில் அது ‘டாடி’ ஆயிற்று. (தமிழில் எழுதினால் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, என்ன செய்ய!) பிறகு அந்தச் சொல் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய், விஸ்கியில் வெந்நீர் கலந்த பானத்துக்குப் பெயராகிவிட்டது. இன்றைக்கும் லண்டனில் ‘ஹாட் டாடி’ கேட்டால் விஸ்கி, வெந்நீர், தேன், எலுமிச்சை கலந்துதான் கொடுப்பார்கள். அப்படியானால் பதநீரை ‘ஸ்வீட் டாடி’ என்று எழுதுவதால் அந்த ஊர்க்காரனுக்கு என்ன புரியும்? இனிப்புப் போட்ட விஸ்கி என்று நினைப்பான்.

ஒரு சொல்தானே, போகட்டும் என்று விடவும் முடியாது. சொல் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. கேரள அப்காரி சட்டம் தந்த விளக்கத்தின்படி, தென்னை, பனை, ஈச்சை முதலான மரங்களில் இறக்கிய சாறு புளித்தாலும் சரி, புளிக்காவிட்டாலும் சரி, அது ‘டாடி’. அதாவது பாளையில் சொட்டும்போதே கள் என்று முடிவு கட்டியாயிற்று. பின்னால் புளிக்காத சாற்றை விற்க வழி செய்வதற்கு 2014-ல் தனியாக விதிகள் கொண்டுவர வேண்டியிருந்தது. நம் மாநிலத்திலும் 2017-ல் தென்னையிலிருந்து இறக்க அனுமதி வந்தபோது, வந்த பெயர் ‘நீரா’. அதுவும் வடக்கிலிருந்து வந்ததுதான். பதநீர் என்ற நல்ல சொல் வீட்டிலேயே இருக்க, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை சரியா தவறா என்று இங்கே நான் பேசவில்லை. அது வேறு சண்டை. ஆனால் தடை இருக்கிற ஊரில் பதநீரை ‘டாடி’ என்று எழுதினால் என்ன ஆகும்? நான் கூட்டுறவுத் துறையில் இருந்த காலத்தில் கண்ணால் பார்த்தேன். பள்ளிப்பட்டு சாலையில் கோடைக்குக் கோடை பதநீரும் நுங்கும் விற்ற ஓர் அம்மா, சின்னக் கடன் ஒன்றுக்கு மனு கொடுத்திருந்தார். ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஆங்கிலப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘டாடி விற்பனை’ என்று நிரப்பிவிட்டார். தடை செய்யப்பட்ட தொழிலுக்குக் கடன் இல்லை என்று மனு திரும்பி வந்தது. அந்த அம்மா மூன்று முறை பஸ் ஏறி அலைந்தார். “நான் கள்ளு விக்கிறவ இல்ல சாமி” என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்ல வேண்டியிருந்தது. கடன் வருவதற்குள் அந்த வருஷத்துப் பதநீர்க் காலம் முடிந்துவிட்டது. இதே அரசாங்கக் காகிதங்களில், கடையில் விற்கிற பாட்டிலுக்கு மட்டும் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மதுபானம்’ என்று நீட்டி முழக்கிப் பெயர் வைக்கத் தெரிந்திருக்கிறது!

இப்போது என் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பனைப் பொருட்களை ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். டப்பாக்களில் ஒட்டுவதற்கு ஆங்கிலப் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் போட்டு, சரிபார்க்கச் சொல்லி எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். மேலே சொன்ன அத்தனையும் அதில் இருந்தன. கேட்டால், “வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியணும் இல்ல தாத்தா” என்கிறான். படித்த பிள்ளைகள் எல்லோரும் சொல்கிற பதில் இதுதான். அதனால் அதற்கே பதில் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரன் தன் சரக்கை எப்படி விற்கிறான் என்று பாருங்கள். இத்தாலிக்காரன் திராட்சையைப் பிழிந்த சாற்றை மோஸ்தோ என்பான், புளித்த பிறகு வீனோ என்பான். பதநீரும் கள்ளும் மாதிரி. ஆங்கிலக்காரனும் அவனுடைய திராட்சை என்றால் ஒழுங்காக ‘மஸ்ட்’, ‘ஒயின்’ என்று இரண்டாகத்தான் சொல்கிறான். நம் பனை என்றால்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

அதோடு விடவில்லை. இத்தாலியில் கியாந்தி கிளாஸிக்கோ என்று ஓர் ஒயின். கிளாஸிக்கோ என்பதை ‘கிளாஸிக்’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ உயர்ந்த ரகம் என்று ஆகிவிடும். அங்கே அதற்கு அர்த்தம் வேறு. ஃபிளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவில் உள்ள பழைய கியாந்தி மண்ணில் விளைந்தது என்று பொருள். ரிசெர்வா என்று போட்டால், சட்டம் சொன்ன காலம் வரை வைத்து முதிரவிட்டது என்று பொருள். அதையே ‘ரிசர்வ்’ என்று ஆங்கிலமாக்கினால், அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஓர் அர்த்தமும் கிடையாது. ஆகவே நல்ல வியாபாரிகள் அந்தச் சொற்களில் கை வைப்பதில்லை. பாட்டிலில் இத்தாலியச் சொல் அப்படியே இருக்கும். விளக்கம் வேண்டுமானால் பின்பக்கம் இரண்டு வரி. வாங்குகிறவன் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொண்ட பெருமையில் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்தே கொடுக்கிறான். 1963-லேயே இத்தாலி இந்தப் பெயர்களுக்குச் சட்டம் போட்டுக் காவல் வைத்துவிட்டது.

நமக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. உடன்குடிச் சரக்குக்குப் புவிசார் குறியீடு வாங்கியவர்கள் அதை ‘உடன்குடி பனங்கருப்பட்டி’ என்றே பதிந்தார்கள். அவர்களுக்கு என் கும்பிடு. அவ்வளவு தூரம் ஏன்? நம் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் வாழ்நாள் முழுதும் ஆங்கிலத்தில் எழுதினார். 1936-ல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். கர்மா, தர்மா, மாயா, மோட்சம் இவற்றை அவர் ஆங்கிலத்தில் கரைத்துவிடவில்லை. சொல்லை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக விளக்கினார். மோட்சம் ஆக்ஸ்போர்டு போகலாம், பதநீர் போகக்கூடாதா?

எல்லாச் சொல்லையும் அப்படியே விடு என்று நான் சொல்லவில்லை. அரிவாளை, கயிற்றை, பானையை ஆங்கிலமாக்குங்கள், குறையொன்றுமில்லை. அவை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒரு சொல்லை மாற்றினால் பொருளே வேறாகிவிடும் என்றால் அதைத் தொடாதீர்கள். கள், பதநீர், கருப்பட்டி, பனங்கற்கண்டு, நுங்கு. இந்த ஐந்தையும் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் போடுங்கள். பதநீருக்கு ‘சுண்ணாம்பு இட்டு இறக்கிய, புளிக்காத பனஞ்சாறு’ என்று போட்டால் போதும். அரசாங்கப் படிவமோ, கம்பெனி லேபிளோ, சுற்றுலாப் புத்தகமோ, எதுவானாலும்.

பேரனுடைய பட்டியலில் இந்த ஐந்தையும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிட்டேன். மேலதிகாரியிடம் காட்டுகிறேன் என்றிருக்கிறான். உங்கள் வீட்டிலும் இப்படி எழுதுகிற பிள்ளைகள் இருப்பார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தச் சுண்ணாம்புக் கதையைச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு யார் சொல்லப்போகிறார்கள்?